துளசிப் பாத்தியும் நம்ம புளோக் பூனைகளும்

கோயில்ல வெள்ளிக்கிழமை மாலை கட்ட உட்காரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் கேட்டுடுறீங்க: "உங்க தோட்டத்துல பூனைத் தொல்லை எப்படி நின்னுச்சு? எங்க புளோக்ல மண்ணைத் தொடவே முடியல." பாதி சொல்லுறதுக்குள்ள தீபாராதனை மணி அடிச்சிடும். அதனால ஒரேயடியா இங்க எழுதிடுறோம். கொஞ்சம் நீளம்தான். காப்பி போட்டு வெச்சிக்கிட்டுப் படிங்க.

தெரியாதவங்களுக்கு முதல்ல ஒரு விவரம். ஆங் மோ கியோவில் எங்க புளோக்கை ஒட்டி ஒரு சமூகத் தோட்டம் இருக்கு. தேசியப் பூங்காக் கழகம் 2005ல் ஆரம்பிச்ச திட்டத்தின் கீழ் தீவு முழுக்க இப்படிப்பட்ட தோட்டங்கள் வந்தன. எங்க தோட்டத்தில் சீனர், மலாய்க்காரர், நாம எல்லாரும் சேர்ந்து பாத்தி வெச்சிருக்கோம். அதில் மூணு பாத்தி கோயிலுக்குன்னே விட்டது. இரண்டில் துளசி, ஒன்றில் நந்தியாவட்டையும் செம்பருத்தியும். ஓரமா ஒரு வில்வம். வெள்ளி, சனி காலையில் பறிச்சு, கழுவி, கூடையில் போட்டு கோயிலுக்குக் கொண்டு போவோம். தேக்காவில் எல்லாம் கிடைக்கும், இல்லேன்னு சொல்லல. ஆனா புரட்டாசி சனிக்கிழமைகளில் பெருமாளுக்கு எவ்வளவு துளசி வேணும்னு உங்களுக்கே தெரியும். நம்ம கையால் வளர்த்தது போய்ச் சேரும்போது மனசுக்கு ஒரு நிறைவு இருக்கு இல்லையா, அதுக்காகத்தான் இவ்வளவும்.

2023 ஆடி மாசத்துலதான் தொந்தரவு பெருசாச்சு. புதுசா கொத்தி, உரம் போட்டு, நாற்று நட்ட பாத்தி. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தா நாற்று சாய்ஞ்சு கிடக்குது, மண்ணு குவிஞ்சு கிடக்குது, குவியலுக்கு அடியில் என்ன இருக்கும்னு சொல்லத் தேவையில்லை. எடுத்துப் போட்டு, திரும்ப நட்டு, மறுநாள் திரும்ப அதே கதை. ஒரு வெள்ளிக்கிழமை, நாங்க நல்லா கழுவித்தான் கொண்டு போனோம், ஆனா பட்டர் கூடையைக் கிட்ட கொண்டு போனவர் அப்படியே கீழே வெச்சிட்டார். கோபப்படல. "இதை இன்னைக்கு வேண்டாம், வாடை இருக்கு" என்றார். அவ்வளவுதான். அன்னைக்கு நம்ம ஆளுங்க தேக்காவுக்கு ஓடி வாங்கிட்டு வந்தாங்க.

வாடை மட்டும்னா பெருசு பண்ணியிருக்க மாட்டோம். பெருமாள் சன்னதியில் தீர்த்தத்தோட துளசியைக் கையில் கொடுக்குறாங்க, வாங்கினவங்க வாயில் போட்டுக்குறாங்க. சின்னப் பிள்ளை, வயசானவங்க, வயித்துப் பிள்ளைக்காரி எல்லாரும். இந்த இடத்துலதான் எங்களுக்கு உறைச்சுது.

எங்க தோட்டக் குழுவில் ஒருத்தருடைய மக அப்போ நாலு மாச கர்ப்பம். அந்தப் பொண்ணுக்கு டாக்டர் சொல்லியிருந்தார், பூனை அசுத்தம் பட்ட மண்ணைக் கையுறை இல்லாம தொடாதே, கழுவாத இலை எதையும் சாப்பிடாதேன்னு. டாக்சோபிளாஸ்மான்னு ஒரு ஒட்டுண்ணிக் கிருமி. எலி, பறவை, பச்சை இறைச்சி சாப்பிட்ட பூனைக்கு அது வரும். வந்தா கொஞ்ச நாளைக்கு அதன் மலத்துல வெளியே போகும். நமக்கு வந்தா பெரும்பாலும் தெரியவே தெரியாது, சாதாரணக் காய்ச்சல் மாதிரி போயிடும். கர்ப்பிணிக்கு முதல் முறையா தொற்றினா வயித்துல இருக்குற பிள்ளையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். அதான் பயம். இதில் ஒரு விஷயத்தை எல்லாரும் தெரிஞ்சுக்கணும்: பூனை போன உடனே அது தொற்றாது. ஒரு நாளிலிருந்து அஞ்சு நாள் ஆகும் அந்தக் கிருமி முற்றுவதற்கு. தினமும் எடுத்துச் சுத்தம் பண்ணிட்டா ஆபத்து பெருமளவு குறையும். மண்ணுக்குள்ளேயே விட்டுட்டா ஈரத்துல பல மாசம் உயிரோட கிடக்கும்.

ஆக, புளோக் கீழ்த்தளத்துல கூட்டம் போட்டோம். அன்னைக்கு நடந்ததை மறைக்காம சொல்லிடுறோம். மகளைப் பத்திக் கவலைப்பட்ட அந்த மனுஷர் எழுந்து, "மருந்து ஏதாவது வாங்கி மீன்ல கலந்து வெச்சிட்டா ஒரு வாரத்துல முடிஞ்சிடும்" என்றார். அவர் கெட்டவர் இல்லீங்க. கார்த்திகையில் நூறு அகல் விளக்கைத் தனி ஆளா துடைச்சு வைக்கிறவர். பயம் ஒரு மனுஷனை எதுவரைக்கும் கொண்டு போகுது பாருங்க. யாரும் கொஞ்ச நேரம் பேசல. ஏன்னா எல்லாருக்கும் ஒரே ஞாபகம் வந்திருக்கும்.

2021ல் நம்ம ஆங் மோ கியோவில்தான் அது நடந்தது. மே மாசம். கீழே படுத்துக் கிடந்த பூனைகளை ஒவ்வொண்ணா யாரோ கத்தியால் கீறிக் காயப்படுத்தினாங்க. அடுத்தடுத்த புளோக்குகளில் ரத்தத்தோட பூனைங்க கிடந்தன. பூனையைப் பிடிக்காதவங்கக்கூட ராத்திரி கீழே இறங்கித் தேடினாங்க. கடைசியில் போலீஸ் ஒரு ஆளைக் கைது செஞ்சுது. அதுக்கு முன்னாடி, 2015 கடைசியிலிருந்து யீஷூன் பக்கம் பூனைகள் செத்துக் கிடந்ததும் பேப்பர்ல வந்துக்கிட்டே இருந்தது. சட்டத்தில் மிருகவதைக்கு முதல் தடவையே 15,000 வெள்ளி வரை அபராதம், பதினெட்டு மாசம் வரை சிறை, இல்லேன்னா இரண்டும். ஆனா நாங்க சட்டத்தைச் சொல்லி அவரை நிறுத்தல. "அண்ணே, விஷம் வெச்ச கையால பறிச்ச துளசியை நாளைக்கு யார் பெருமாள் கழுத்துல போடுறது?" என்று ஒருத்தர் கேட்டார். அவர் உட்கார்ந்துட்டார்.

அடுத்த பேச்சு, பூனைகளையெல்லாம் பிடிச்சுக்கிட்டுப் போகச் சொல்லி நகர மன்றத்துக்கு எழுதுறது. இதுக்கு நிறைய கை தூக்கினாங்க. ஆனா பழைய ஆளுங்களுக்கு 2003 ஞாபகம் இருக்கு. சார்ஸ் காலத்தில் தெருப்பூனைகளை நிறைய பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. அதுக்கு முன்னாடி 1998ல் கருத்தடை செஞ்சு விடுற திட்டம் ஒண்ணு ஓடிக்கிட்டிருந்தது, அதையும் நிறுத்திட்டாங்க. பிறகு என்ன ஆச்சு? காலியான இடத்துக்குப் பக்கத்துப் புளோக் பூனை வந்துச்சு, அது குட்டி போட்டுச்சு. சாப்பாடும் ஒதுங்க இடமும் இருக்குற வரைக்கும் பூனை வந்துக்கிட்டேதான் இருக்கும்.

பூனைக்குச் சாப்பாடு வைக்கிறது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். எதிர்ப் புளோக் சீன ஆன்ட்டி. எழுபதைத் தாண்டினவங்க, தனியா இருக்காங்க. ராத்திரி ஒன்பது மணிக்குத் தள்ளுவண்டியில் பிஸ்கட்டும் தண்ணியும் எடுத்துக்கிட்டு வருவாங்க. நம்ம ஆளு ஒருத்தர் ஒரு நாள் அவங்க முன்னாடி சத்தம் போட்டுட்டார். அந்த அம்மா ஒண்ணும் திருப்பிச் சொல்லல, நாலு நாள் கீழே வரவே இல்லை. அதுக்குள்ள அவங்க புளோக்ல பேச்சு கிளம்பிடுச்சு, "அந்த இந்தியர்கள் கோயில் செடிக்காகப் பூனைகளை விரட்டப் பாக்குறாங்க" என்று. எத்தனை வருஷமா தைப்பூசத்துக்கு நம்ம பால்குடத்துக்கு வழி விட்டு நிக்கிறவங்க, கியூ ஓங் யா விழாவுக்கு நாம ஒதுங்கி வழி விடுறோம். ஒரு பாத்தி மண்ணுக்காக இதெல்லாம் கெடணுமா? உண்மையைச் சொன்னா, வாடையைவிட எங்களுக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

போய்ப் பேசணும். பூனைக்கு யார் மணி கட்டுறதுன்னு கேப்பாங்களே, அது நிஜமாவே எங்களுக்கு வந்தது. கடைசியில் மலாய் நல்லா பேசுறவங்க இரண்டு பேர், ஒரு சீப்பு வாழைப்பழத்தோட போனோம். சண்டைக்கு வந்திருக்கோம்னு நினைச்சுக் கதவைப் பாதிதான் திறந்தாங்க. "குச்சிங் தா சாலா," பூனை மேல் தப்பு இல்லை, என்றார்கள் முதல் வார்த்தையாக. நாங்களும் அதைத்தான் சொல்ல வந்தோம்னு சொன்னதும் கிரில் கதவு திறந்தது.

உள்ளே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவங்களுக்குத் தெரிஞ்ச அளவு பூனை விஷயம் எங்களில் யாருக்கும் தெரியாது. கீழே சுத்துறது மொத்தம் ஏழு. ஐந்துக்கு இடது காது நுனி நறுக்கியிருக்கும், கருத்தடை முடிஞ்சதுக்கு அடையாளம் அது. 1999லிருந்து இயங்குற பூனை நலச் சங்கத்தின் ஆதரவோட அவங்களே ஒவ்வொண்ணா கூண்டில் பிடிச்சுக் கொண்டு போய்ச் செஞ்சிருக்காங்க. மீதி இரண்டு புதுசு, எங்கிருந்தோ வந்தது, கிட்டவே சேரலயாம். "உங்க மண்ணு ரொம்ப நல்ல மண்ணு, அதான்" என்று சிரிச்சாங்க. அந்த ஒரு வார்த்தையிலதான் எங்களுக்கு வழி கிடைச்சது.

யோசிச்சுப் பாருங்க. பூனை வம்சம் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையிலிருந்து வந்தது, வறண்ட மணல் பூமியில் இருந்த பிராணி. அதுக்கு வேண்டியது உலர்ந்த, பொலபொலன்னு இருக்குற, கையால் சுலபமா தோண்டி மூடக்கூடிய மண்ணு. புளோக்கைச் சுத்தி எங்க பார்த்தாலும் சிமென்ட், இல்லேன்னா கெட்டியான புல்தரை. நடுவுல நாங்க மட்டும் வாராவாரம் கொத்தி, சலிச்சு, பஞ்சு மாதிரி ஒரு பாத்தியை வெச்சிருக்கோம். அது வேற எங்கே போகும்? ஒரு தடவை போன இடத்துல வாடை நிக்கும். பூனை தண்ணியைக் கம்மியா குடிச்சு வாழப் பழகின உடம்பு, மூத்திரம் ரொம்ப அடர்த்தி, அதான் அந்த நாத்தம். அந்த வாடையைத் தேடி அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

எங்க பேக்டரியில் ஒரு மெஷின்ல ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்தா, முதல்ல திட்டுறதை விட்டுட்டு ஒரு தாளை மாட்டி எழுதி வைக்கச் சொல்லுவோம், எந்த ஷிப்ட், எந்தப் பக்கம்னு. அதே மாதிரி தோட்டக் கொட்டகையில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கவிட்டோம். காலையில் யார் முதல்ல வர்றாங்களோ அவங்க பாத்தியையும் இடத்தையும் குறிக்கணும். மூணு வாரத்துல படம் தெளிவாயிடுச்சு. துளசி அடர்ந்து மண்ணே தெரியாம வளர்ந்த பாத்தியில் ஒண்ணுகூட இல்லை. மழை பெஞ்சு மண்ணு நனைஞ்ச மறுநாள் இல்லை. எல்லாமே புதுசா கொத்தின வெறும் மண்ணுல, அதுவும் கட்டடத்தின் ஓரமா மழை படாத பக்கம்.

வெறும் மண்ணை மூடணும். இதுதான் நாங்க கண்டது. எப்படி மூடுறதுங்கிறதுலதான் ஆளுக்கொரு யோசனை.

எலுமிச்சம்பழத் தோலை ஒருத்தர் சொன்னார். புளிப்பு வாடை பூனைக்கு ஆகாதுங்கிறது ஓரளவு உண்மை. நமக்குச் செவ்வாய், வெள்ளி ராகு காலத்துல துர்க்கைக்கு ஏத்துன எலுமிச்சை மூடி மூட்டை மூட்டையா கிடைக்குமே! போட்டோம். இரண்டு நாள் வரல. மூணாவது நாள் தோல் காய்ஞ்சதும் வாடை போச்சு, பூனை வந்தது, தோலில் ஒட்டின நெய்க்கு எறும்பு சேர்ந்து வந்தது. சுத்தமான தோலா இருந்தாக்கூட இரண்டு நாளைக்கு ஒருமுறை மாத்தணும், அது முடிகிற வேலையா? தண்ணி நிரப்பின பிளாஸ்டிக் பாட்டிலை வரிசையா வைக்கிறது இன்னொண்ணு, பழைய கம்பத்து வீடுகள் காலத்திலிருந்து ஊர் முழுக்க அதைப் பாக்குறோம். எங்க தோட்டத்துக் கறுப்பன் அந்தப் பாட்டில் மேலேயே முதுகைச் சொறிஞ்சிக்கிட்டுப் போனான்.

சில யோசனைகளை நாங்க கிட்டவே சேர்க்கல. நாப்தலின் உருண்டை, அதாங்க அலமாரியில் போடுற பாச்சான் உருண்டை, பூனைக்கு விஷம். கற்பூரமும் அப்படித்தான். சாமிக்கு ஏத்துறதுதானேன்னு நினைச்சு மண்ணுல தூவாதீங்க. காப்பிக்கடையில் காப்பிச் சக்கையைச் சும்மா கொடுப்பாங்க, செடிக்கு நல்லதுன்னு போடுவாங்க, ஆனா நாய் பூனை அதைத் தின்னா ஆபத்து. மிளகாய்த் தூள் அதைவிட மோசம். காலில் ஒட்டும், பூனை காலை நக்கும், பிறகு அதே காலால் கண்ணைத் துடைக்கும். அந்த வேதனையை வெச்சு நாம துளசி வளர்க்க வேண்டாம்.

நின்னது மூணு விஷயத்துல. முதல்ல, நாற்று வெச்ச புதுப் பாத்தியில் சாத்தே குச்சி. தேக்காவிலோ ஃபேர்பிரைஸிலோ நூறு குச்சி ஒரு கட்டாக் கிடைக்கும். நாலு விரல் இடைவெளிக்கு ஒண்ணா மண்ணுல குத்தி நிறுத்தணும். கூர் முனை கீழே, மழுங்கின முனை மேலே, இதுல தப்பு பண்ணாதீங்க, நம்ம கண்ணுக்கும் ஆபத்து. பூனைக்குக் காயம் ஒண்ணும் ஆகாது. உட்கார்ந்து திரும்ப இடம் இல்லேன்னா அது போயிடும். செடி அடர்ந்து மண்ணை மூடின பிறகு குச்சியை எடுத்துக் கழுவி அடுத்த பாத்திக்கு வெச்சிக்கலாம்.

பிறகு, பெரிய செடி உள்ள பாத்திக்குக் கோழிக்கூண்டுக்குப் போடுற கம்பிவலை. மண்ணு மேலேயே படுக்கையா விரிச்சு, செடி வர்ற இடத்துல மட்டும் வெட்டி ஓட்டை விட்டு, ஓரத்தை உள்ளே மடிச்சு, மேலே ஒரு விரல் கனத்துக்கு மண்ணு தூவிடணும். பார்த்தா வலை இருக்குறதே தெரியாது. பூனை ஒரு தடவை தோண்டிப் பார்க்கும், நகம் வலையில் தட்டும், அந்த இடத்தை விட்டுடும். இது ஒரு தடவை செலவுதான். நந்தியாவட்டைப் பாத்தியில் போட்டு இரண்டு வருஷம் ஆகுது, இன்னும் நல்லா இருக்கு.

மூணாவது நம்ம கோயில் கொடுத்தது. அர்ச்சனைத் தேங்காயின் குடுமி நாரும் உடைச்ச சிரட்டையும் எவ்வளவு குப்பைக்குப் போகுதுன்னு மடப்பள்ளியில் நிக்கிறவங்களுக்குத் தெரியும். நாரைக் காயவெச்சு, பிய்ச்சு, துளசித் தூர் சுத்தி இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினோம். சொரசொரன்னு இருக்கும், பூனை பாதத்துக்குப் பிடிக்காது. ஈரமும் நிக்கும், நமக்குத் தண்ணி ஊத்துற வேலை பாதி. சிரட்டையைப் பாத்தி ஓரத்தில் நெருக்கமாப் பதிச்சோம். இங்க ஒரு முக்கியமான எச்சரிக்கை: சிரட்டையைக் கவிழ்த்துத்தான் பதிக்கணும். மல்லாந்து ஒண்ணு கிடந்தாக்கூட மழைத் தண்ணி நின்னு ஏடிஸ் கொசு முட்டை வெச்சிடும். சுற்றுப்புற வாரியத்து ஆளுங்க வந்து பார்த்தா பூனைத் தொல்லையே தேவலைன்னு ஆயிடும். சனிக்கிழமை தோறும் ஒருத்தர் சிரட்டையை மட்டும் பார்த்துக்கிட்டு வரணும்னு முறை வெச்சிருக்கோம்.

இவ்வளவும் செஞ்சா பூனை உங்க பாத்தியை விட்டுடும். விட்டுட்டு எங்கே போகும்? பக்கத்து மலாய் மக்சிக்கின் பாண்டான் பாத்திக்கு. அதனால இதோட நிறுத்தினா பாதி வேலைதான். நாங்க அதுக்குன்னே ஓர் இடம் கொடுத்தோம். நகர மன்றத்திடமும் வசிப்போர் குழுவிடமும் சொல்லிட்டு, உரக்குழிப் பெட்டிக்குப் பின்னாடி பழைய பலகையால் மூணடிக்கு இரண்டடி தொட்டி, அதில் ஒரு சாண் ஆழத்துக்கு மணல், மழை படாம மேலே ஒரு தகரம். பாத்தியிலிருந்து எடுத்த அசுத்த மண்ணில் ஒரு கரண்டி அதில் போட்டோம், வாடை பிடிச்சு வரட்டும்னு.

முதல் வாரம் ஒண்ணும் வரல. அப்போ அந்த மக்சிக்தான் வேலி ஓரத்தில் முளைச்சிருந்த ஒரு களையைக் காட்டி, "இது குச்சிங் காலாக், வேரோட பிடுங்கிப் போடுங்க" என்றாங்க. பார்த்தா நம்ம குப்பைமேனி! ஊர்ல பாட்டிமார் சொறி சிரங்குக்கு அரைச்சுப் போடுவாங்களே, அதே செடி. அதுக்கு இன்னொரு பேர் பூனைவணங்கி. பேரைச் சின்ன வயசுலேயே கேட்டிருக்கோம், ஏன் அந்தப் பேருன்னு அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தோம். வேரைப் பிடுங்கி மணல் தொட்டிக்குப் பக்கத்தில் போட்ட அரை மணியில் மூணு பூனை வந்து, அந்த வேர் மேல் புரண்டு, கன்னத்தைத் தேய்ச்சு, கண்ணு சொருகி நெடுஞ்சாண்கிடையா விழுந்து கிடந்ததுங்க. பட்டர்கிட்ட சொன்னப்போ, "பூனைகூட சாஷ்டாங்கமா விழுறது, உங்க ஆளுங்க மொபைலைப் பார்த்துக்கிட்டே கும்பிடுறாங்க" என்றார். அவர் அப்படித்தான். மலாய் பேரும் தமிழ் பேரும் ஒரே குணத்தை வெச்சே வந்திருக்கு பாருங்க.

அன்னையிலிருந்து தொட்டி அதுங்களோட இடம் ஆயிடுச்சு. தினமும் காலையில் அள்ளி, இரண்டு பையில் கட்டி, குப்பைக்குப் போடுறது அந்தச் சீன ஆன்ட்டி பொறுப்பு. நாங்க கேட்கல, அவங்களே எடுத்துக்கிட்டாங்க. அவங்களால் முடியாத நாள் நாங்க பார்த்துக்கிறோம். சாப்பாட்டையும் தோட்டத்திலிருந்து தள்ளி, புளோக்கின் அந்தப் பக்கம் வைக்கிறாங்க, பத்து மணிக்கு மிச்சத்தை எடுத்துடுறாங்க. மிச்சம் கிடந்தா எலி வரும், எலி வந்தா அந்தக் கிருமிக் கதை திரும்ப ஆரம்பிக்கும். பூனை அசுத்தத்தை மட்டும் உரக்குழிக்குள்ள போட்டுடாதீங்க. சாணம் மாதிரி நினைச்சுடக் கூடாது, நம்ம உரக்குழியின் சூடு அந்தக் கிருமிக்குப் பத்தாது. துளசியைப் பறிச்ச பிறகும் மூணு தண்ணியில் கழுவித்தான் அனுப்புறோம், பாத்தி எவ்வளவு சுத்தமா இருந்தாலும்.

அந்த இரண்டு புதுப் பூனையையும் 2024ல் பிடிச்சுக் கருத்தடை செஞ்சாச்சு. அந்த வருஷம் செப்டம்பர் 1லிருந்து வீவக வீட்டில் இரண்டு பூனை வரை வளர்க்கலாம்னு சட்டம் மாறினது தெரியும்தானே. முப்பது வருஷத்துக்கும் மேல இருந்த தடை. மைக்ரோசிப் போட்டு, உரிமம் எடுத்து, சன்னல், கிரில் கதவுக்கு வலை அடிச்சு வெச்சிக்கலாம். ஏற்கெனவே வளர்க்கிறவங்களுக்கு 2026 ஆகஸ்ட் 31 வரைக்கும் அவகாசம். தெருப்பூனைகளைப் பிடிச்சுக் கருத்தடை செய்யுற வேலையையும் தேசியப் பூங்காக் கழகம் இப்ப பெருசா எடுத்துச் செய்யுது. ஆன்ட்டி இரண்டை வீட்டுக்குள்ளேயே எடுத்துக்கிட்டாங்க. அந்த வீட்டுச் சன்னலுக்கு வலை அடிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? கூட்டத்துல மீனில் மருந்து கலக்கலாம்னு சொன்ன அதே அண்ணன். டிரில் மெஷின் அவர்கிட்டதான் இருக்கு. அவர் பேரனுக்கு இப்போ ஒன்றரை வயசு தாண்டிடுச்சு, ஆன்ட்டி வீட்டுக்குப் போகணும்னா முதல் ஆளா செருப்பைத் தேடுறான்.

ஒருத்தர் கேட்டார், சாமி காரியத்துக்குன்னு இருக்குற தோட்டத்தில் பூனைக்கு இடம் கொடுக்கலாமான்னு. நாங்க பெரிசா படிச்சவங்க இல்ல. ஆனா வைணவத்துல மார்ஜார நியாயம்னு ஒண்ணு சொல்லுவாங்க. குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடிச்சுக்கும், பூனைக்குட்டி ஒண்ணுமே செய்யாது, தாய்தான் கழுத்தைக் கவ்விக் கொண்டு போகும். பகவான் நம்மைக் கொண்டு போறது இப்படியா அப்படியான்னு பெரியவங்க இரண்டு கட்சியா பிரிஞ்சு வாதாடியிருக்காங்க. அவ்வளவு பெரிய விஷயத்துக்கு உதாரணம் காட்ட ஆச்சாரியர்கள் பூனையைத்தானே எடுத்தாங்க. மாமல்லபுரம் போனவங்க அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்த்திருப்பீங்க, தவம் பண்ணுறவரை மாதிரியே கையைத் தூக்கிக்கிட்டு ஒரு பூனை நிக்கும், காலடியில் எலிகள். சிற்பி கேலிக்குத்தான் செதுக்கியிருப்பார். ஆனாலும் கங்கை இறங்குற இடத்துல அதுக்கும் ஒரு இடம் விட்டிருக்கார்.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டோம். நவம்பர், டிசம்பர் மழையில் மணல் தொட்டிக்குத் தண்ணி உள்ளே அடிக்கும், அப்போ ஒண்ணு இரண்டு பழையபடி கட்டடத்து ஓரப் பாத்திக்கு வந்துடும். அந்த இரண்டு மாசமும் குச்சியை நெருக்கமா வெச்சுச் சமாளிக்கிறோம். போன மாசம் ஒரு புதுச் சாம்பல் நிறப் பூனை வந்திருக்கு, காது நறுக்காதது. ஆன்ட்டி கூண்டைத் தூசு தட்டி வெச்சிருக்காங்க. இன்னொண்ணு, தோட்டத்தில் தக்காளி மட்டும் எங்களுக்கு வரவே மாட்டேங்குது, அது பூனையால் இல்லை. ஹொக்கியன்ல தக்காளிக்கே 'ஆங் மோ கியோ'ன்னுதான் பேராம், ஆன்ட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க, ஆங் மோ கியோவுல ஆங் மோ கியோ வளரலையேன்னு.

கடைசியா ஒரு வேண்டுகோள். புரட்டாசிக்கு முன்னாடி மூணு பாத்திக்கும் நார் மாத்தணும். வெள்ளிக்கிழமை அர்ச்சனை முடிஞ்சு தேங்காய்க் குடுமியைக் குப்பைத் தொட்டியில் போடாதீங்க, மடப்பள்ளி வாசலில் நீலப் பை ஒண்ணு மாட்டி வெச்சிருக்கோம், அதில் போடுங்க. சனிக்கிழமை காலை ஏழரைக்கு நாங்க எடுத்துக்கிட்டுப் போவோம். நார் பிய்க்க வர்றவங்க பழைய சட்டை போட்டுக்கிட்டு வாங்க, கையுறை நாங்க தர்றோம். பசியாறலுக்கு ஆன்ட்டி பீஹூன் பிரட்டிக் கொண்டு வர்றேன்னு சொல்லியிருக்காங்க, புரட்டாசின்னு ஞாபகம் வெச்சு முட்டைகூட இல்லாம.